விதை வணிகரின் பொற்கோப்பை

மூணாறு சென்று வந்த அன்பர்கள் குண்டளைப் பள்ளத்தாக்கில் தோட்டத் துரைமாரின் கோல்ஃப் புல்வெளியைக் கண்டிருப்பர். அப்பள்ளத்தாக்கில் ஓடிய சிறு ரயில்பாதை 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தொழிந்தது. புல்வெளியோ இன்றும் பசுமையாய் விளங்குகிறது. ரயில்வே ஊழியனாகிய அடியேனுக்கு இதில் சிறிது மனக்குறையே!

இவ்விளையாட்டில் நாட்டுக்கு நாடு அணி திரண்டு பொருதும் போட்டிகளுள் பெரும்புகழ் பெற்றது ரைடர் கோப்பை. அதனை வழங்கியவர் மன்னருமல்லர், பிரபுவுமல்லர். செயின்ட் ஆல்பன்ஸ் நகரத்து விதை வியாபாரி சாமுவேல் ரைடர். ஒரு பென்னிக்கு ஒரு பொட்டலம் என ஏழை எளியோரும் வாங்குமாறு விதை விற்றுப் பொருளீட்டியவர். உடல் நலிவுற்று, ஐம்பதாம் வயதை ஒட்டியே கோல்ஃப் மட்டையைக் கையில் எடுத்தார். தமக்கு ஆட்டம் பயிற்றிய ஏப் மிட்செலின் உருவத்தையே தாம் அளித்த பொற்கோப்பையின் முடிமேல் அமைப்பித்தார். ஆனால் 1927-இல் அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் முதற்போட்டி நிகழ்ந்தபோது, குடல்வால் நோயால் மிட்செல் கப்பலேற இயலவில்லை. சிலை நின்ற கோப்பைக்கு ஆள் செல்லவில்லை! அமெரிக்கர் ஒன்பதரைக்கு இரண்டரை என வென்றனர்.

உலகப்போரால் 1937-க்குப் பின் பத்தாண்டுகள் போட்டி நடைபெறவில்லை. பின்னரும் அமெரிக்கர் கையே ஓங்கி நின்றது. 1979 முதல் பிரிட்டனோடும் அயர்லாந்தோடும் ஐரோப்பிய நாடுகள் அனைத்தும் சேர்ந்த பின்னரே துலாக்கோல் சமன்பட்டது. 2025-இல் நியூயார்க்கில் பதினைந்துக்குப் பதின்மூன்று என ஐரோப்பாவே வென்றது.

எனினும் என் உள்ளம் நிலைப்பது 1969-ஆம் ஆண்டு பெர்க்டேல் ஆட்டத்தில்தான். இரு அணியும் சமநிலை. இறுதிக் குழியில் ஆங்கிலேயர் ஜாக்லினுக்கு எஞ்சியது மூன்றடிக்கும் குறைவு. தவறினால் வெற்றி அமெரிக்கர்க்கே. எதிராளி நிக்லாஸ், அவரை அடிக்க விடாமலே அதனை விட்டுக்கொடுத்தார். பதினாறுக்குப் பதினாறு என ஆட்டம் முடிந்தது. அமெரிக்க அணித் தலைவர் சாம் ஸ்னீட் இதை விரும்பவில்லை. அவரையும் குறை கூறுவதற்கில்லை. பதினொருவர் உழைப்பை ஒருவர் விட்டுக்கொடுக்கலாமோ?

ஐரோப்பா நீங்கலாக ஏனைய நாட்டினர் சேர்ந்து அமெரிக்கரை எதிர்க்கும் பிரசிடென்ட்ஸ் கோப்பை 1994-இல் தோன்றியது. 2015-இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் அவ்வணியில் ஆடினார் அனிர்பன் லஹிரி. அவ்வாய்ப்புப் பெற்ற முதல் இந்தியர். இறுதிக் குழியில் அவருக்கும் எஞ்சியது சில அடிகளே. பந்து குழியின் விளிம்பைத் தொட்டு விலகிற்று. அவ்வணி தோற்றது ஒரே புள்ளியில்.