உருளைக்கிழங்கு வயலில் பிறந்த பயண லாரி

யூனிமாக் என்ற வண்டியின் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே முதன்முதலில் வைத்த அகலம் 1,270 மில்லிமீட்டர். காரணம் உருளைக்கிழங்கு. ஜெர்மன் வயல்களில் இரண்டு கிழங்கு வரிசைகளின் அகலம் அவ்வளவு. செடியை மிதிக்காமல் சக்கரம் ஓட வேண்டும். இன்று சகாராவையும் மங்கோலியாவையும் தாண்டிப் போவதற்காக லாரிமேல் வீடு கட்டுகிறவர்கள் ஆசையாகத் தேடும் வண்டி அந்தக் கிழங்கு வயல் வண்டியின் வாரிசுதான். வீட்டுக் கொட்டகையில், சனி ஞாயிறுகளில், சொந்தக் கையால் இதைக் கட்டுகிற ஒரு கூட்டமே ஜெர்மனியில் உண்டு. இந்த வண்டி எப்படிப் பிறந்தது என்று பார்த்தால், ஊர் சுற்றும் ஆசைக்கு அதில் கடைசி இடம்தான்.

1945இல் ஜெர்மனி தோற்றுக் கிடந்தது. தொழிற்சாலைகளைப் பிடுங்கிவிட்டு நாட்டை உழவர் நாடாக்கிவிடலாம் என்ற மார்கெந்தாவ் திட்டம் பேச்சில் இருந்த காலம். டைம்லர் பென்ஸில் விமான எஞ்சின் உருவாக்கப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய ஆல்பர்ட் ஃபிரீட்ரிக்குக்கு இனி விமானம் இல்லை. உழவுக்கும் சாலைக்கும் ஒரே வண்டி என்று யோசித்தார். அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் அந்த ஆண்டு நவம்பரில் அனுமதி கொடுத்தது. முதல் மாதிரிகளைச் செய்தது பொன், வெள்ளிச் சாமான்களுக்குப் பெயர்போன எர்ஹார்ட் அண்டு சோனே என்ற நிறுவனம். ஊர் ஷ்வேபிஷ் க்முண்ட். ஹைன்ரிக் ரோஸ்லர் பொறியியல் பொறுப்பை ஏற்றார். 1946 அக்டோபரில் முதல் வண்டி உருண்டது. 1948 முதல் கோப்பிங்கனில் போரிங்கர் நிறுவனம் வரிசையாக உற்பத்தி செய்தது; 25 குதிரைத்திறன் டீசல் எஞ்சின், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம், மூக்கில் கொம்பு வைத்த மாட்டுத்தலைச் சின்னம். 1951இல் டைம்லர் பென்ஸே அதை எடுத்துக்கொண்டு காகெனாவ் ஆலைக்குக் கொண்டுபோனது.

டிராக்டருக்குப் பின்சக்கரம் பெரிது, முன்சக்கரம் சிறிது. யூனிமாக்குக்கு நாலும் ஒரே அளவு, நாலுக்கும் எஞ்சின் சக்தி. ஆக்சில் சக்கரத்தின் நடுவில் நுழையாது. அதற்கு மேலே நின்று, சக்கரத்துக்குள் இருக்கும் பல்சக்கரங்கள் வழியாகச் சுழற்சியைக் கீழே இறக்கும். போர்ட்டல் ஆக்சில் என்பது இதைத்தான். வண்டியின் வயிறு கல்லிலும் கட்டியிலும் தட்டாமல் மேலே நிற்பது அதனால். பட்டை ஸ்பிரிங்குக்குப் பதில் காயில் ஸ்பிரிங். இவை எல்லாவற்றையும்விட முக்கியம் அதன் சேசிஸ். அது வேண்டுமென்றே முறுக்கிக்கொள்ளும்படி செய்யப்பட்டது.

ஒரு பள்ளத்தைக் குறுக்காகக் கடக்கும்போது முன்னால் இடது சக்கரம் மேலே ஏறும், பின்னால் வலது சக்கரம் மேலே ஏறும். சேசிஸ் விறைப்பாக இருந்தால் ஏதாவது ஒரு சக்கரம் காற்றில் தொங்கும். தொங்கும் சக்கரம் இழுக்காது. ஈரத்துணியைப் பிழிவதுபோல் சேசிஸ் முறுக்கிக் கொடுத்தால் நாலு சக்கரமும் மண்ணை விடாது. கிழங்கு வயலுக்கு இது வரம். இதே வரம் பின்னால் வீடு கட்ட வந்தவர்களுக்குப் பெரிய தலைவலி ஆனது.

நடுவில் ராணுவம் வந்தது. 1955இல் யூனிமாக் எஸ் என்கிற 404 வகை வந்தது. டீசல் இல்லை, பெட்ரோல், 2.2 லிட்டர், ஆறு சிலிண்டர். 1980 வரை 64,242 வண்டிகள் செய்தார்கள். பாதிக்கு மேல் மேற்கு ஜெர்மன் ராணுவத்துக்கே போயின. பலவற்றின் முதுகில் ஒரு பெட்டி: வயர்லெஸ் அறை. வெளியே பனி பெய்ய, உள்ளே இருவர் உட்கார்ந்து கம்பியில்லாச் செய்தி அனுப்ப வேண்டும். அதற்காகக் குளிர் தாங்கும் சுவர், மேஜை, விளக்கு, ஹீட்டர் வைத்த பெட்டி. மேஜையை எடுத்துவிட்டுக் கட்டிலைப் போட்டால் வீடு. பயண லாரி என்ற எண்ணத்துக்கு அந்த வயர்லெஸ் பெட்டிதான் கரு என்று நான் நினைக்கிறேன்.

மணலில் வண்டி ஓட்டும் வித்தைக்கு வேறு தகப்பன். எகிப்தில் பணியாற்றிய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ரால்ஃப் பேக்னால்ட், 1920களின் கடைசியில் ஃபோர்டு கார்களை எடுத்துக்கொண்டு லிபியப் பாலைவனத்துக்குள் போனார். ரேடியேட்டரிலிருந்து ஆவியாகப் போகும் தண்ணீரை ஒரு டின்னுக்குள் விட்டுக் குளிரவைத்து, திரும்ப ரேடியேட்டருக்கே உறிஞ்சவிட்டார். காரின் இரும்பு காந்த முள்ளைக் குழப்பியதால் வெயில் நிழலைப் பார்த்துத் திசை சொல்லும் கருவி செய்தார். புதைந்த சக்கரத்துக்கு அடியில் போட நீள இரும்புத் தகடுகள். முதல் உலகப் போரில் பதுங்குகுழிக்குக் கூரையாக இருந்தவற்றைக் கெய்ரோவின் காயலான் கடையில் பிடித்தார். 1940இல் அவர் தொடங்கிய நெடுந்தூரப் பாலைவனப் படை, செவர்லே லாரிகளின் கதவையும் கூரையையும் கழற்றி எறிந்துவிட்டு இந்தச் சாமான்களோடு எதிரியின் பின்புறம் போய் நின்றது. இன்றைய பயண லாரிகளின் பக்கவாட்டில் தொங்கும் ஓட்டைத் தகடுகள் அந்தக் காயலான் கடைச் சரக்கின் பேரப்பிள்ளைகள்.

ராணுவம் கழித்த வண்டிகள் எங்கே போகும்? ஜெர்மன் அரசின் பழைய சொத்துகளை விற்பதற்கென்றே ஃபிராங்க்ஃபர்ட்டில் வெபெக் என்ற நிறுவனம் இருக்கிறது. தொகையை எழுதி மூடிக் கொடுக்க வேண்டும்; யார் அதிகமோ அவருக்கு. 404க்குப் பிறகு வந்த யு1300எல் என்ற டீசல் வண்டிகள் இந்த வழியில்தான் பல வீட்டுக் கொட்டகைகளுக்கு வந்து சேர்ந்தன. யூனிமாக் விலை எட்டாதவர்கள் பழைய தீயணைப்பு வண்டிகளைப் பார்த்தார்கள்: மூக்கு குட்டையான மெர்சிடிஸ் 911 போன்றவை. வயது முப்பதானாலும் ஓட்டம் குறைவு, கொட்டகையிலேயே நின்றதால் துருவும் குறைவு. மெர்சிடிஸ் லாரி நமக்கும் அந்நியமல்ல. 1954இல் டாடாவின் டெல்கோ நிறுவனமும் டைம்லர் பென்ஸும் ஒப்பந்தம் போட்டு, ஜாம்ஷெட்பூரில் செய்த லாரிகள் 1969 வரை மெர்சிடிஸ் நட்சத்திரத்தோடு நம் சாலைகளில் ஓடின.

வண்டி வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை கழற்றுவது. ராணுவப் பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கிரைண்டர் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பிரேக் குழாய், ரப்பர், பேரிங், கேபினின் அடித்தகடு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இதில் சுவாரசியம் ஒன்றும் இல்லை. பழைய லாரி வாங்கிய யாரும் செய்வதுதான். கதை தொடங்குவது பெட்டியை எப்படி உட்கார வைப்பது என்ற இடத்தில்.

நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் லாரிக்குப் பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சேசிஸ்மேல் நீளக் கட்டை, அதன்மேல் குறுக்குக் கட்டை, யூ போல்ட் போட்டு இறுக்கினால் முடிந்தது. திறந்த பாடி; சேசிஸ் முறுக்கினால் பாடியும் கொஞ்சம் முறுக்கிக் கொடுக்கும். ஆறு பக்கமும் மூடிய, ஒட்டிய பெட்டி அப்படிக் கொடுக்காது. அதை யூ போல்ட்டால் இறுக்கினால் முதல் மலைப்பாதையிலேயே மூலை பிளக்கும், ஜன்னல் ஓரம் ஒழுகும், கதவு கொக்கியில் மாட்டாது.

இதற்கு விடை மூன்று புள்ளி. பெட்டிக்கு அடியில் தனியாக ஓர் இரும்புச் சட்டம் செய்கிறார்கள். பின்பக்கம் இரண்டு இடத்தில் அது சேசிஸோடு பிடித்திருக்கும். முன்பக்கம் நடுவில் ஒரே ஒரு புள்ளி. அங்கே வண்டியின் நீளவாக்கில் ஒரு தடித்த முளை. சேசிஸின் முன்பாதி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் முளை சுழலும், பெட்டி பின்பாதியோடு அசையாமல் நிற்கும். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில்தான் இருக்கும். நாலாவது சேர்ந்தால்தான் தகராறு. சிலர் நாலு புள்ளியைச் சாய்சதுரமாக வைப்பார்கள்: முன் நடுவில் ஒரு முளை, பின் நடுவில் ஒரு முளை, இடையில் இரு பக்கமும் தாங்கல். இன்னும் எளிது ஸ்பிரிங் வழி: சட்டத்தைப் பின்னால் போல்ட்டால் இறுக்கிவிட்டு, முன்னால் ஸ்பிரிங் கோத்த போல்ட்டுகளில் விடுவது. முறுக்கு வரும்போது ஒரு பக்கம் சற்றே எழும்பி மறுபடி உட்காரும். சேசிஸ் அதிகம் முறுக்காத லாரிகளுக்கு, வீட்டில் கட்டுபவருக்கு, இந்த ஸ்பிரிங் வழியே போதும் என்பது என் கட்சி. யூனிமாக்குக்குப் போதாது. அதற்கு முளைதான்.

இதிலும் ஒரு விதி உண்டு. சேசிஸ் சட்டத்தின் மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ துளை போடக் கூடாது, வெல்டிங் வைக்கக் கூடாது. பாடி கட்டுபவர்களுக்கு லாரி நிறுவனங்கள் தரும் கையேடுகளில் இது அழுத்தமாகவே இருக்கும். பாரம் தாங்குவதில் பெரும்பங்கு அந்த விளிம்புகளுடையது. அங்கே ஒரு துளை விழுந்தால் விரிசல் அதிலிருந்தே கிளம்பும். நிறுவனமே நடுச்சுவரில் விட்டிருக்கும் துளைகளில்தான் போல்ட் போட வேண்டும். கொட்டகையில் வெல்டிங் மெஷினும் ஆர்வமும் இருப்பவருக்கு இது கசப்பான விதி.

அடுத்தது பெட்டி. ராணுவ வயர்லெஸ் பெட்டியையே வாங்கி வைப்பவர்கள் உண்டு. கிழக்கு ஜெர்மன் ராணுவத்தின் லாக் பெட்டிகளுக்கு இன்றும் மவுசு இருக்கிறது. புதிதாகக் கட்டுபவர்கள் பலகை வாங்குகிறார்கள்: இரு முகத்திலும் கண்ணாடியிழைத் தகடு, நடுவே பாலியூரித்தேன் நுரை. 60 மில்லிமீட்டர் கனத்தில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 10 கிலோ வரும். நாலரை மீட்டர் நீளம், 2.3 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரம் என்று வைத்தால் ஆறு பக்கமும் சேர்த்து 49 சதுர மீட்டர். ஆக வெறும் ஓடே அரை டன்.

ஓரங்களை ஒட்டுவது பாலியூரித்தேன் பசை. அவசரக்காரர்களுக்கு ஆகாத பசை இது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் காயும், நாளுக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில். நசுக்கி ஒட்டினால் பிடிமானம் போய்விடும். இடையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் பசை நிற்க வேண்டும். கடும் குளிரில் வேலை செய்யாது என்பதால் ஜெர்மன் குளிர்காலத்தில் கொட்டகைக்குள் ஹீட்டர் வைத்துக் காத்திருப்பார்கள்.

சுவருக்குள் அலுமினியச் சட்டம் வைத்தால் பலம் கூடும் என்று தோன்றும். அங்கேதான் வீடு கெடும். நுரையைவிடப் பல ஆயிரம் மடங்கு வெப்பம் கடத்தும் உலோகம் அது. வெளியே உறைபனி இருக்கும் இரவில், உள்ளே தூங்குபவர்களின் மூச்சும் அடுப்பு ஆவியும் அந்தச் சட்டம் ஓடும் கோட்டில் நீராக வடியும். மெத்தைக்கு அடியில் பூஞ்சை வரும். பலத்தை உள் தகட்டுக்கும் வெளித் தகட்டுக்குமே விட்டுவிட்டு, உலோகம் ஒரு முகத்திலிருந்து மறுமுகத்துக்குப் பாலம் போடாமல் பார்த்துக்கொள்வதே இதில் தேர்ந்தவர்களின் வழி.

பிறகு எடை. ஜெர்மனியில் 1999க்கு முன் கார் லைசென்ஸ் எடுத்தவர் 7.5 டன் வரை ஓட்டலாம். அதற்குப் பின் எடுத்தவருக்கு 3.5 டன்தான், மேலே போக வேறு லைசென்ஸ் வேண்டும். அதனால் 7.49 டன் என்ற எண்ணைச் சுற்றியே எல்லாக் கணக்கும் நடக்கும். யு1300எல்லின் சேசிஸும் கேபினுமே நாலு டன்னைத் தாண்டிவிடும். பெட்டி ஓடு அரை டன், அடிச்சட்டம் சில நூறு கிலோ, 300 லிட்டர் தண்ணீர் 300 கிலோ, 300 லிட்டர் டீசல் 250 கிலோ. ஸ்டெப்னி டயரைத் தனியாகத் தூக்க ஒரு ஆளால் முடியாது. பிறகு கட்டில், அலமாரி, பேட்டரி, கருவிப் பெட்டி, மனிதர்கள். வழவழப்பான மர வேலைப்பாட்டில் மயங்கியவர்கள் எடை மேடையில் ஏறும்போதுதான் விழிப்பார்கள்.

எல்லாம் முடிந்தால் தகுதி ஆய்வு. வீட்டு வண்டி என்று பதிவு செய்ய ஆய்வாளர் தேடுவது உட்கார இடம், மேஜை, படுக்கை, சமையல் வசதி, சாமான் வைக்க அலமாரி. வண்டிக்கு வயது முப்பது நிறைந்து, பழைய தோற்றத்தோடு நல்ல நிலையிலும் இருந்தால் பழம்பெரும் வண்டிக்கான எச் எழுத்துப் பலகை கிடைக்க வழியுண்டு. வரி குறையும், நகரங்களின் புகைக்கட்டுப்பாட்டு வட்டங்களுக்குள்ளும் போகலாம்.

இத்தனையும் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு குந்தர் ஹோல்டார்ஃப் ஒரு பதில். 1988இல் வாங்கிய மெர்சிடிஸ் 300 ஜி.டி. ஜீப் ஒன்றில், பின்னால் மெத்தை போட்டுக்கொண்டு, அவர் 2014 வரை ஒன்பது லட்சம் கிலோமீட்டருக்குச் சற்றே குறைவாக உலகம் சுற்றினார். அந்த வண்டி மெர்சிடிஸ் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. முளையும் இல்லை, பெட்டியும் இல்லை. ஆறு சக்கர லாரியில் பளிங்குக் கழிப்பறையோடு கட்டித்தரும் நிறுவனங்களின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஹோல்டார்ஃபின் மெத்தைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் பனியில் மாதக்கணக்கில் தங்க வேண்டும், மழையில் உள்ளே நின்று சமைக்க வேண்டும் என்றால் பெட்டி வேண்டும்தான்.

நம்மூரில் யாருக்காவது இதைப் படித்துக் கை பரபரத்தால் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வீட்டு வண்டிகளுக்கு இங்கே ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரவிதியே இருக்கிறது. லாரி வாங்க முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வந்துவிடுங்கள்.