மன்றத்தின் பணப்பை யார் கையில்?



2024 அக்டோபரில் நம் மக்களவையில் தாக்கல் செய்யப்பட்ட 2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தின் மதிப்பு 42,100 கோடி வெள்ளி. 222 உறுப்பினர்கள் கொண்ட அந்த அவை ஒப்புதல் தந்தால்தான் அதில் ஒரு காசாவது நகரும். அதே 222 பேரும் கட்சி பேதமின்றி ஒன்றுகூடி, "எங்கள் குழுக்களுக்கு இன்னும் ஓர் ஆய்வு அதிகாரி வேண்டும்" என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒன்றும் நடந்திருக்காது. அந்தப் பதவியை உருவாக்குவதா வேண்டாமா என்று பார்க்க வேண்டியிருந்தது பொதுச் சேவைத் துறை. சம்பளத்துக்குப் பணம் ஒதுக்க வேண்டியிருந்தது நிதியமைச்சு. இரண்டுமே அரசாங்கத்தின் கைகள். நாட்டுக்கே கணக்குப் பார்க்கும் சபைக்குத் தன் வீட்டுக் கணக்கு அன்று சொந்தமாக இருக்கவில்லை.

இது தொடக்கத்திலிருந்தே இப்படித்தானா? இல்லை என்பதுதான் இன்றைய உரையின் விஷயம்.

சுதந்திர மலாயாவின் முதல் நாடாளுமன்றம் 1959 செப்டம்பரில் கூடியபோது அதற்குச் சொந்தக் கட்டடம்கூடக் கிடையாது. கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபத்தில்தான் கூடியது. இன்று அங்கே சுற்றுலா மையம் இயங்குகிறது. படமெடுத்துக்கொண்டு திரும்பும் பலருக்கு அந்தச் சேதி தெரியாது. இப்போதைய கட்டடம் சுமார் 1 கோடியே 80 லட்சம் வெள்ளி செலவில் எழும்பி, 1963 நவம்பரில் மாமன்னரால் திறந்து வைக்கப்பட்டது. அதே 1963-இல் வந்ததுதான் நாடாளுமன்றச் சேவைச் சட்டம். அதன்படி மன்றத்தின் ஊழியர்கள் தனிச் சேவையைச் சேர்ந்தவர்கள். அமைச்சுகளில் வேலை பார்ப்பவர்கள் வேறு, மன்றத்தில் வேலை பார்ப்பவர்கள் வேறு. வீடும் கிடைத்தது, வீட்டுச் சாவியும் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1992-இல், துன் டாக்டர் மகாதீர் பிரதமராக இருந்தபோது, அந்தச் சட்டம் ரத்து செய்யப்பட்டது. ஊழியர்கள் பொதுச் சேவைக்குள் வந்தார்கள். நிர்வாகம் பிரதமர் துறையின் நிழலுக்குள் போனது. சிறிய சேவை என்றால் பதவி உயர்வுக்குப் படிகள் குறைவு, ஒரே நாற்காலியில் இருபது வருடம் உட்கார வேண்டும் என்ற வாதம் உண்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்குக் கொடுத்த விலையைப் பாருங்கள்.

நம் ஊர் ஆலய நிர்வாகக் குழுவை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக் கூட்டத்தில் பொருளாளரைத் தேர்ந்தெடுக்கிறோம். அவருடைய கணக்கைச் சரிபார்க்க உட்கணக்காய்வாளர் இருவரையும் தேர்ந்தெடுக்கிறோம். இப்போது அந்தக் கணக்காய்வாளருக்கு மேசை நாற்காலி தருவதும், உதவிக்கு ஆள் தருவதும், அந்த ஆளை மாற்றுவதும் பொருளாளர்தான் என்று வைத்துவிட்டால்? பொருளாளர் தங்கமானவராகவே இருக்கட்டும். ரசீதில் சந்தேகம் வந்தால் அந்த உதவியாளர் வாய் திறப்பாரா? நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு அமைச்சுகளின் செலவைத் தோண்டிப் பார்க்கும் குழு. அதற்குக் குறிப்பெழுதிக் கொடுக்கும் அதிகாரியின் பதவி உயர்வும் இடமாற்றமும் அந்த அமைச்சுகளை நடத்தும் அரசாங்கத்தின் ஏற்பாட்டிலேயே இருந்தன. 32 ஆண்டுகளுக்கும் மேல் இந்த நிலை நீடித்தது.

2007 மே மாதத்தில் நாடாளுமன்றக் கட்டடம் ஒழுகியது பலருக்கு நினைவிருக்கும். பல கோடி வெள்ளி செலவில் புதுப்பித்த பிறகு வந்த ஒழுகல் அது. அந்த விவாதத்தில் ஒரு பெண் உறுப்பினரை இழிவுபடுத்திப் பேசப்பட்ட பேச்சுதான் தலைப்புச் செய்தியானது. கூரை பின்னால் போய்விட்டது.

இந்த விஷயத்தைப் பேசினாலே அரங்கில் யாராவது ஒருவர் எழுந்து, "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, அவங்க அலவன்ஸ் எவ்வளவு?" என்று கேட்டுவிடுகிறார். கேட்பதில் தவறில்லை. சொல்லிவிடுவோம்.

உறுப்பினர்களின் ஊதியத்தை நாடாளுமன்றமே சட்டமியற்றி வகுக்க வேண்டும் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 64-ஆவது விதி. அதன்படி 1980-இல் ஊதியச் சட்டம் வந்தது. 2014 வரை மக்களவை உறுப்பினரின் மாதச் சம்பளம் 6,508 வெள்ளி 59 காசு. 2015 ஜனவரியிலிருந்து அது 16,000 வெள்ளி. செனட்டர்களுக்கு 4,112 வெள்ளி 79 காசாக இருந்தது 11,000 வெள்ளி ஆனது. அவைக்கு வரும் நாளுக்கு 400 வெள்ளி படி. எரிபொருள், டோல், ஓட்டுநர், உபசரிப்பு என்று தனித்தனிப் படிகளும் உண்டு. 36 மாதம் பதவியில் இருந்தால் ஓய்வூதியத் தகுதி.

400 வெள்ளி என்றதும் கொதிப்பவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஆண்டில் 80 நாள் அவை கூடுகிறது என்று வைத்தால் 222 பேருக்கும் சேர்த்து 71 லட்சம் வெள்ளி வருகிறது. 42,100 கோடிக்கு முன் இது டீத்தண்ணிக் காசு. எனக்கு உறுத்துவது வேறு. அவை நடக்க 26 பேர் இருந்தால் போதும் என்பது விதி. அந்த 26 பேரும் இல்லாமல் மணியடித்து ஆள் கூட்டும் காட்சிகளும் நடந்திருக்கின்றன. காலையில் முகம் காட்டியவர் மாலையில் எங்கே என்று கேட்கும் துணிவு எந்த ஊழியருக்கு இருக்கும்?

இன்னொரு பக்கமும் உண்டு. சம்பளமே கொடுக்காவிட்டால் சட்டமன்றங்களில் சொத்துக்காரர்கள் மட்டுமே உட்காருவார்கள். இங்கிலாந்தில் சார்ட்டிஸ்ட் இயக்கத்தார் 1838-இலேயே உறுப்பினர்களுக்குச் சம்பளம் வேண்டும் என்று கோரினார்கள். தொழிலாளி ஒருவன் உள்ளே வரவேண்டும் என்றால் அவன் வீட்டு அடுப்பு எரியவேண்டுமே! அது நிறைவேற 1911 ஆனது. ஆண்டுக்கு 400 பவுண்டு. நம் நாட்டில் தொகுதி மக்களின் திருமணம், மரணம், பள்ளி விழா எல்லாவற்றுக்கும் உறுப்பினரின் கை பாக்கெட்டுக்குப் போக வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் நாம்தான். அந்தச் செலவு எந்தச் சட்டத்திலும் இல்லை.

சரி, சாவிக்கு வருவோம். 1963 சட்டத்தை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று குரல் கொடுத்தவர்கள் எதிர்க்கட்சியினர் மட்டுமல்ல. 2008 முதல் 2018 வரை சபாநாயகராக இருந்த டான்ஸ்ரீ பண்டிகார் அமின் மூலியா கேட்டார். அவருக்குப் பின் வந்த டான்ஸ்ரீ முகமட் அரிஃப்பும் கேட்டார். 2021 செப்டம்பரில் டத்தோஸ்ரீ இஸ்மாயில் சப்ரியின் அரசாங்கமும் பக்கத்தான் ஹராப்பானும் செய்துகொண்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் இதுவும் ஓர் அம்சமாக இடம்பெற்றது. அரசாங்கத்துக்குப் பெரும்பான்மை மெலிந்திருந்த நேரம் அது. பலமான அரசாங்கத்துக்கு இந்தச் சாவியைத் திருப்பித் தர அவசரம் இருந்ததில்லை என்பது என் கருத்து.

கடைசியில் 2025 மார்ச்சில், சட்டத்துறைக்குப் பொறுப்பான பிரதமர் துறை அமைச்சர் டத்தோஸ்ரீ அஸாலினா ஒத்மான் சைட் தாக்கல் செய்த நாடாளுமன்றச் சேவை மசோதா மக்களவையில் நிறைவேறியது. கூடவே அரசியலமைப்புத் திருத்தமும் வந்தது. அதற்கு 222 பேரில் குறைந்தது 148 பேரின் ஆதரவு தேவை. அது கிடைத்தது. நாடாளுமன்றச் சேவை மன்றம் என்ற அமைப்புக்கும் வழி பிறந்தது.

நல்லது நடந்தது என்று கைதட்டிவிட்டுப் போகலாம். ஆனால் தன் சாவியைத் தானே வைத்திருந்த ஒரு நாடாளுமன்றத்தின் கதையையும் கேட்டுவிடுங்கள். நம் மன்றத்துக்கு முன்மாதிரியான பிரிட்டிஷ் மக்களவைதான் அது.

1978-இல் அங்கே ஒரு நிர்வாகச் சட்டம் வந்தது. சபாநாயகர் தலைமையில் ஓர் ஆணையம். ஊழியர் நியமனமும் செலவுத் திட்டமும் அதன் பொறுப்பு. நாம் 32 ஆண்டுகள் ஏங்கியது அவர்களிடம் இருந்தது. சம்பளத்தை உயர்த்தினால் மக்கள் திட்டுவார்கள் என்று அஞ்சிய அரசாங்கங்கள் படிகளைத் தாராளமாக விட்டன. லண்டனில் இரண்டாவது வீடு வைத்திருக்க ஆண்டுக்கு ஏறக்குறைய 24,000 பவுண்டு வரை கோரலாம். 2008 வரை 250 பவுண்டுக்குக் கீழே ரசீதே தேவையில்லை. பொருள்களுக்கு உச்சவரம்பு காட்டும் பட்டியல் ஒன்றைப் படி அலுவலக ஊழியர்கள் வைத்திருந்தார்கள். தொலைக்காட்சிப் பெட்டிக்கு 750 பவுண்டு, சமையலறை அமைக்க 10,000 பவுண்டு. அதை உறுப்பினர்களின் கண்ணில் காட்டவில்லை. காட்டினால் எல்லோரும் உச்சவரம்பையே கோருவார்கள் என்ற பயம்!

2009 மே மாதம் டெய்லி டெலிகிராஃப் பத்திரிகை அந்தக் கோரிக்கைகளை வெளியிட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதை நாள்தோறும் முதல் பக்கத்தில் வந்தது. எலியட் மோர்லி என்ற முன்னாள் அமைச்சர், அடைத்து முடித்துவிட்ட வீட்டுக் கடனுக்கும் சேர்த்துப் பொய்க் கணக்கில் 30,000 பவுண்டுக்கு மேல் பெற்றிருந்தார். 2011-இல் சிறை சென்றார். குளத்து வாத்துகளுக்குக் கூண்டு கட்ட 1,645 பவுண்டு கேட்டவர்தான் உலகமெங்கும் பேசப்பட்டார். ஆனால் அந்தக் கோரிக்கைக்குப் பணம் தரப்படவில்லை. அனுமதிக்க முடியாது என்று ஓர் ஊழியர் எழுதி நிறுத்தியிருந்தார். பெயர் தெரியாத அந்த ஊழியரை நான் பலமுறை நினைத்துக்கொள்வேன். அவருடைய மேலதிகாரிகளும் கடைசியில் அதே உறுப்பினர்களுக்குக் கட்டுப்பட்டவர்கள்தான்.

சபாநாயகர் மைக்கேல் மார்ட்டின் பதவி விலக நேர்ந்தது. 1695-க்குப் பிறகு அப்படி வெளியேற்றப்பட்ட முதல் சபாநாயகர் அவர். அதே ஆண்டில் படிகளைக் கவனிக்கத் தனி ஆணையம் சட்டத்தின் மூலம் அமைந்தது. பதவியில் இருக்கும் உறுப்பினர் எவரும் அதில் இடம்பெற முடியாது. கோரிக்கைகள் இணையத்தில் வெளியாகத் தொடங்கின. சம்பளமும் அவர்கள் கைக்குப் போனது. 2015-இல் அந்த ஆணையம் ஆண்டுச் சம்பளத்தை 67,060 பவுண்டிலிருந்து 74,000 பவுண்டாக உயர்த்தியபோது, வேண்டாம் என்று உறுப்பினர்கள் பலர் சொல்லியும் அது கேட்கவில்லை. சுதந்திரம் என்றால் இதுவும் சேர்த்துத்தான்.

நம் 2025 மார்ச் சட்டம் மன்றத்தின் சேவையையும் ஊழியர்களையும் பற்றியது. படிக் கோரிக்கைகளைப் பொதுமக்கள் கேட்டுப் பெறக்கூடிய கூட்டரசுத் தகவல் சட்டம் அது நிறைவேறிய நாளில் இல்லை. உறுப்பினர்களின் சம்பளம் அந்தச் சட்டத்துக்கு வெளியே, 1980 சட்டத்தில் இருந்தது. அதைக் கூட்டவோ குறைக்கவோ 64-ஆவது விதி அதிகாரம் தந்திருப்பது நாடாளுமன்றத்துக்கே.