நீலச்சாயமும் பேத்தை மீனும்

என் தொட்டியில் குட்டிப் பேத்தைக்கு வெள்ளைப்புள்ளி நோய் கண்டதும் கொளத்தூர் மீன்கடையில் மெத்திலீன் நீலம் வாங்கினேன். அந்தச் சொட்டுமருந்தின் பூர்வீகம் பருத்தித் துணி! 1876இல் ஜெர்மனியில் வேதியியலாளர் ஹைன்ரிக் காரோ உருவாக்கிய சாயம் அது. வியப்பு என்னவென்றால், அதே ஆண்டில்தான் ஃபூக்கே என்ற ஆய்வாளர் இந்நோயின் ஒட்டுண்ணிக்குப் பெயரிட்டு விவரித்தார். 1891இல் மருத்துவர் பால் எர்லிக், சக மருத்துவர் குட்மனோடு சேர்ந்து மலேரியா நோயாளிகளுக்கு இச்சாயத்தைக் கொடுத்துப் பார்த்தார். மீன்தொட்டிக்கு வந்தது பிற்பாடு.

கேரளத்துப் பம்பையாற்றிலிருந்து மீனியல் அறிஞர்கள் ஹோராவும் நாயரும் 1941இல் விவரித்த இந்தப் பேத்தைக்கு வழக்கமான செதில் கிடையாது; ஆகவே தாமிர மருந்து ஆகாது. தோலுக்கடியில் புதைந்த ஒட்டுண்ணியை நீல மருந்து தொடாது, ஒட்டுண்ணி உதிர்ந்து பெருகியபின் நீரில் நீந்தும் குஞ்சுகளையே கொல்லும். அதனால் புள்ளி மறைந்த பிறகும் சில நாள் மருந்தைத் தொடர்கிறேன்.