விற்ற பின்னும் விடாத பிடி

சிங்கப்பூரில் ஜாலான் புசார் சாலையின் தென்கோடியில், ரோச்சோர் கால்வாயை ஒட்டி, 1930களில் முளைத்த சந்தை ஒன்று 2017 ஜூலை 10 வரை நடந்தது. பெயர்ப்பலகையில் சுங்கை ரோடு. ஊர் வாயில் திருடர் சந்தை. சீமான்கள் போய்வந்த ராபின்சன்ஸ் பேரங்காடியைக் கேலிசெய்து மலாயில் 'ராபின்சன் பெத்தாங்', அதாவது சாயங்கால ராபின்சன்ஸ், என்றும் சொன்னார்கள். பிரிட்டிஷ் படைகள் ஊரைவிட்டுக் கிளம்பிய காலத்தில் அவை கழித்துக்கட்டிய சாமான்களும் இங்கே வந்து விழுந்தன. பழைய வானொலி, கேசட் ரெக்கார்டர், நின்றுபோன கைக்கடிகாரம் எல்லாம் தார்ப்பாயில் கிடந்தன. அருகிலேயே சிம் லிம் டவர்: மின்தடை, கண்டென்சர், டையோடு, ஒயர் எல்லாம் சில்லறையாகக் கிடைக்கும் கட்டடம். சற்றுத் தள்ளி சிம் லிம் ஸ்கொயர்: அங்கே கணினியைப் பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்டிக்கொள்ளலாம். இவை மூன்றும் வேறுவேறு வியாபாரம்போலத் தெரிந்தாலும் அடியில் இருந்த நம்பிக்கை ஒன்றுதான். காசு கைமாறியதும் விற்றவருக்கும் பொருளுக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. திறப்பதும் மாற்றுவதும் மறுபடி விற்பதும் வாங்கியவர் பாடு. சிராங்கூன் சாலையில் வாங்கி நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறிய டூ-இன்-ஒன் செட்டுகளும் இந்த நம்பிக்கையில்தான் போயின. பழுதானால் ஊர் மெக்கானிக் திறந்து பார்ப்பார். ஜப்பானில் இருந்த கம்பெனியிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. பழைய வால்வு வானொலிகள் பலவற்றில் மின்சுற்று வரைபடத்தையே பின்மூடியின் உட்புறம் ஒட்டி அனுப்பினார்கள்.

அந்தக் காலம் முழுச் சுதந்திரமாக இருந்தது என்று சொன்னால் அது பொய். 1949இல் சிங்கப்பூருக்கு வந்த ரெடிஃப்யூஷன் பெட்டியை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கும் காப்பிக்கடைக்கும் கம்பி இழுத்து, மாதம் 5 வெள்ளிக்கு ஒலிபரப்பு தந்தார்கள். அந்தப் பெட்டியில் நிலையம் தேடும் முள் கிடையாது. கம்பியில் வருவதைக் கேட்கலாம், இல்லாவிட்டால் அணைக்கலாம். இதைவிட இறுக்கமான பூட்டு இருக்க முடியுமா? ஆனாலும் அதில் ஏமாற்று இல்லை. அது வாடகைக் கணக்கு என்பது கட்டியவருக்கும் வாங்கியவருக்கும் தெரியும். சலித்தால் கம்பியை எடுக்கச் சொல்லிவிட்டு, வேறொரு வானொலி வாங்கிக்கொள்ளலாம். இன்று நமக்கு எரிச்சலூட்டும் கருவிகள் ரெடிஃப்யூஷனின் வாரிசுகள்தான். ஒரே வித்தியாசம், அவற்றுக்கு முழு விலையும் வாங்கிக்கொள்கிறார்கள்.

2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், உரிமைச் சிக்கல் என்று சொல்லி, வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய ஆர்வெல் நாவல்களைக் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. 2016 செப்டம்பரில் எச்பி அச்சுப்பொறிகள் பல, முந்தின நாள்வரை ஏற்றுக்கொண்ட வேற்று நிறுவன மைப்பெட்டிகளைத் திடீரென மறுத்தன. காரணம் உள்ளே இருந்த மென்பொருள். சில கைத்தொலைபேசிகளில் திரையையோ மின்கலத்தையோ மாற்றினால், புதிய பாகத்தைக் கருவி அடையாளம் காண மறுக்கிறது. திருப்புளி பிடித்த கை எவ்வளவு தேர்ந்ததானாலும் பயனில்லை. இந்தப் பூட்டுகளுக்குச் சட்டமும் காவல் நிற்கிறது. அமெரிக்காவுடன் சிங்கப்பூர் செய்துகொண்ட தடையற்ற வணிக உடன்பாடு 2004 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டித் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மின்னணுப் பூட்டை உடைப்பதையும் உடைக்கும் கருவியை விற்பதையும் கட்டுப்படுத்தியது. விதிவிலக்குகள் உண்டு. ஆனால் எது விதிவிலக்கு என்று வழக்கறிஞரிடம் கேட்டு முடிவுசெய்யும் வசதி, பத்துக்குப் பத்தடிக் கடைக்காரருக்கு ஏது?

பூட்டுக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் திருடர் சந்தையின் பெயரையே ஆயுதமாக எடுக்கலாம். திருட்டுப் பொருளும் கைமாறிய இடத்தைப் புகழ்வதா? கணக்குடன் பிணைக்கப்பட்ட கைத்தொலைபேசியைத் திருடினால் இன்று எடைக்குப் போடத்தான் முடியும். இது வலுவான வாதம், ஏற்கிறேன். ஆனால் திருடனைத் தடுக்கும் பூட்டின் சாவி உரிமையாளரிடம் இருக்க வேண்டும். நான் பேசும் பூட்டுகளில் அது உற்பத்தியாளரிடம் இருக்கிறது. உரிமையாளர் தன் கருவிதான் என்று நிரூபித்த பிறகும் மின்கலத்தை மாற்ற விடாத பூட்டு எந்தத் திருடனைத் தடுக்கிறது? இன்னொரு வாதம், சிம் லிம் ஸ்கொயரின் அவப்பெயர். 2014இல் அங்கே ஒரு கைத்தொலைபேசிக் கடையில் ஏமாந்த வியட்நாமியப் பயணி மண்டியிட்டுக் கெஞ்சிய காணொளி உலகைச் சுற்றியது. திருட்டு மென்பொருளுக்காகவும் அந்தக் கட்டடத்தில் சோதனைகள் நடந்திருக்கின்றன. எதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கடைக்காரருக்கு முகம் இருந்தது, முகவரி இருந்தது. அடுத்த ஆண்டே சிறைக்கும் போனார். இரவோடிரவாக வரும் மென்பொருள் புதுப்பிப்பு ஒரு வசதியைப் பறித்தால், யாரை எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவது?

கருவியைத் திறப்பது பழுதுபார்க்க மட்டுமல்ல, அது நம்மை வேவு பார்க்கிறதா என்று அறியவும்தான். அந்தரங்கத்தைப் பொறுத்தவரை, திறந்து பார்ப்பது தேவை, ஆனால் போதாது. இதற்குச் சிங்கப்பூரே சான்று. 2020இல் கொவிட் தொடர்புகளைக் கண்டறிய டிரேஸ்டுகெதர் செயலியும், பிறகு கையடக்க வில்லையும் வந்தன. வில்லை இருப்பிடத்தைக் கண்காணிக்குமோ என்ற அச்சம் எழுந்தபோது, அரசு அந்த ஜூன் மாதம் வெளியாட்கள் சிலரை அழைத்து அதைத் திறந்து பார்க்கச் செய்தது. அவர்களில் ஒருவர், எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவியின் பாதுகாப்பை உடைத்துப் பெயர்பெற்ற, சிங்கப்பூரில் வசிக்கும் ஆண்ட்ரூ ஹுவாங். வில்லையில் ஜிபிஎஸ் இல்லை, இணையத் தொடர்பும் இல்லை. சொன்னபடியே இருந்தது கருவி. ஆனால் 2021 ஜனவரி 4 அன்று, குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி காவல்துறை அந்தத் தரவைக் கேட்டுப் பெறலாம் என்று நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. தொற்றுத் தொடர்பைக் கண்டறிய மட்டுமே பயன்படும் என்று முன்பு சொல்லியிருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது, பிப்ரவரி 2இல், ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று வரம்பிட்டுச் சட்டம் நிறைவேறியது. வன்பொருள் நேர்மையாக இருந்தும், தரவு யார் கைக்குப் போகும் என்பதைத் திருப்புளியால் சொல்ல முடியவில்லை. சட்டப் புத்தகத்தையும் திறக்க வேண்டியிருந்தது.

அந்தப் புத்தகத்தில் பழுதுபார்க்கும் உரிமைக்கு இன்னும் இடமில்லை. வள நிலைத்தன்மைச் சட்டத்தின்கீழ் 2021 ஜூலை 1 முதல், பழைய மின்னணுப் பொருள்களைத் திரட்டி மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் ஏற்க வேண்டும். அந்தப் பொருள் குப்பையாகாமல் இருக்க உதிரிபாகம் விற்கவோ கையேடு தரவோ அது கட்டாயப்படுத்தவில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024இல், உதிரிபாகத்தைக் கருவியோடு பூட்டிப் பழுதுபார்ப்பைத் தடுக்கும் வழக்கத்துக்குச் சட்டத்தால் தடை போட்டது. அதே ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியமும் பழுதுபார்க்கும் உரிமைக்கான நெறிமுறையை ஏற்றது. சிங்கப்பூர் சின்னச் சந்தை, பெரிய நிறுவனங்களை வளைக்க முடியாது என்பார்கள். ஆனால் இங்கே விற்கப்படும் கருவியும் அங்கே விற்கப்படும் கருவியும் ஒன்றுதான்; அங்கே கழற்றிய பூட்டை இங்கே மாட்டி வைக்கத்தான் தனிக் காரணம் வேண்டும். டிரேஸ்டுகெதர் விவகாரத்தில் ஒரு மாதத்துக்குள் சட்டம் இயற்றிய நாடாளுமன்றத்துக்கு வள நிலைத்தன்மைச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்ப்பது பெரிய வேலையல்ல.