பாலர் பள்ளியில் பாகுபாடு: எப்படிக் கண்டுகொள்வது? என்ன செய்யலாம்?

"அக்கா, என் கையை யாருமே பிடிக்கமாட்டேங்குறாங்க."

பாலர் பள்ளி முடிந்து வரும் தம்பி இப்படிச் சொன்னால் என்ன செய்வீர்கள்? "பரவாயில்ல, விடுடா" என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அவன் சொல்லவருவது பாகுபாடாகவும் இருக்கலாம்.

இவ்வளவு சின்ன வயதிலா?

மூன்று மாதக் குழந்தைகூடப் பார்த்துப் பழகிய இனத்தவரின் முகங்களையே அதிக நேரம் பார்க்கும் என்கின்றன ஆய்வுகள். அது வெறுப்பு அல்ல, பழக்கம்தான். 'இது நல்லது, அது மட்டம்' என்று பிறகு கற்றுக்கொடுப்பது பெரியவர்கள்.

ஆசிரியர்களும் இதற்கு விதிவிலக்கல்ல. 2016இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாலர் பள்ளி ஆசிரியர்களிடம் காணொளி ஒன்றைக் காட்டினர். பிள்ளைகள் குறும்பு செய்கிறார்களா என்று கவனிக்கச் சொன்னார்கள். அதில் யாருமே குறும்பு செய்யவில்லை. ஆனாலும் ஆசிரியர்களின் கண்கள் கறுப்பினச் சிறுவனையே அதிகம் பின்தொடர்ந்தன.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• "நான் ஏன் கறுப்பா இருக்கேன்?" என்று கேட்பது, தோலை அழுத்தித் தேய்ப்பது
• பொட்டு, தலைக்கு எண்ணெய், தமிழ்ப் பேச்சு எல்லாம் திடீரென்று வேண்டாம் என்பது
• எப்போதும் அதே பிள்ளைமீது பழி விழுவது
• பெரும்பாலோர் பேசும் மொழியிலேயே வகுப்பு நடந்து, புரியாத பிள்ளை ஓரமாக உட்கார்ந்திருப்பது
• சிறப்புத் தேவையுள்ள பிள்ளையை நடவடிக்கைகளில் சேர்க்காமல் விடுவது

ஒருமுறை நடந்தால் அது சிறுபிள்ளைத்தனமாக இருக்கலாம். திரும்பத் திரும்ப நடந்தால் சும்மா விடக்கூடாது.

என்ன செய்யலாம்?

முதலில் கேளுங்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டாலே போதும், பிள்ளை பேசும். "யாரு, அந்தப் பொண்ணா?" என்று வார்த்தையை நீங்கள் எடுத்துக்கொடுக்க வேண்டாம். சொன்னதைத் தேதியோடு எழுதிவையுங்கள்.

அடுத்து, பெற்றோர் ஆசிரியரிடம் பேசட்டும். குற்றம் சாட்டுவதைவிட, "வகுப்பில் யாரோடு விளையாடுகிறான்?" என்று தொடங்குவது பலன் தரும். பதில் திருப்தி இல்லையென்றால் பள்ளி முதல்வரை அணுகலாம். அதற்கும் மேல், பாலர் பள்ளிகளுக்கு உரிமம் வழங்கும் பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பு இருக்கிறது.

எந்தப் பிள்ளையையும் பாகுபாட்டுடன் நடத்தக்கூடாது என்கிறது ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் குழந்தை உரிமை உடன்பாடு. சிங்கப்பூர் அதில் 1995இல் இணைந்தது.

நம் வீட்டிலும் பார்க்கலாமே

"வெயில்ல ஆடாதே, கறுத்துப்போயிடுவே!" இதைக் கேட்காத தமிழ்ப் பிள்ளை உண்டா? கறுப்பு என்றால் குறை என்று பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது சில நேரம் நம் வீட்டில்தான். பிறகு பள்ளியில் யாராவது அதையே சொன்னால், எதிர்த்துப் பேச அதனிடம் வார்த்தை இருக்காது.

அடுத்த முறை பாட்டியோ சித்தியோ அப்படிச் சொன்னால், சண்டை போட வேண்டாம். தம்பி காதில் விழும்படி, "அவன் நிறம் அழகான நிறம், பாட்டி" என்று சொல்லுங்கள். அவன் கேட்டுக்கொள்வான்.