மரபுப் பகுதிப் பாதுகாப்பு: காஞ்சிபுரமும் மாகறலும்

மரபுப் பகுதிப் பாதுகாப்பு என்பது, ஒரு கோயிலையோ கட்டடத்தையோ தனியே காப்பதோடு நில்லாமல், அதைச் சூழ்ந்த தெருக்கள், குளங்கள், வீடுகள், தொழிலிடங்கள் ஆகியவற்றையும் ஒரே எல்லைக்குள் அடக்கிச் சட்டப்படி அறிவித்துக் காக்கும் முறை. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரம் 1931இல் இத்தகைய எல்லையை வகுத்தது. பிரான்சு 1962இலும் பிரிட்டன் 1967இலும் இதற்கெனச் சட்டம் இயற்றின. தமிழ்நாட்டில் இம்முறை இன்னும் வேரூன்றவில்லை. இங்கே சட்டம் கல்லைக் காத்த அளவுக்கு ஊரைக் காக்கவில்லை. பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரமும், அங்கிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில் செய்யாற்றை ஒட்டியுள்ள மாகறலும் இதற்குச் சான்றுகள்.

சட்ட வரலாறு வைசிராய் கர்சன் காலத்து 1904ஆம் ஆண்டின் பண்டைய நினைவுச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து வலுப்பெறுகிறது. விடுதலைக்குப் பின் 1958இல் மத்திய சட்டமும் 1966இல் தமிழ்நாட்டுச் சட்டமும் வந்தன. மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே: அரசு ஒரு சின்னத்தைத் தேர்ந்து அரசிதழில் அறிவிக்கும், அதன்பின் அதைச் சிதைப்பது குற்றம். மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடையும், அதற்கு அப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடும் 1992 அறிவிக்கையால் வந்தன; 2010 திருத்தம் அவற்றைச் சட்டத்துக்குள்ளேயே சேர்த்தது. மும்பை 1995இல் வேறு வழியில் சென்றது. நகர்த் திட்ட விதிகளின் கீழ் கட்டடங்களைத் தரம் பிரித்து, முழுப் பகுதிகளையும் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையத்துக்கான சட்டம் 2012இல் இயற்றப்பட்டும் பல ஆண்டுகள் நடைமுறைக்கு வரவில்லை. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கோயில்களையும் மரபுச் சின்னங்களையும் காக்க 75 வழிகாட்டுதல்களை வழங்கியபோது, அத்தகைய ஆணையம் அமைக்கவும் உத்தரவிட்டது.

இந்த அமைப்பில் எது விடுபடுகிறது என்பதைக் காஞ்சிபுரத்தில் காணலாம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய கைலாசநாதர் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதன் பக்கத்திலேயே இருக்கும் பிள்ளையார்பாளையம் நெசவாளர் குடியிருப்பு. பாவு நீட்ட நேரான நீண்ட தெரு வேண்டும். தறி போட ஈரப்பதமும் இடமும் உள்ள வீடு வேண்டும். இவ்விரண்டும் இல்லாமல் கைத்தறித் தொழில் அந்த ஊரில் நிலைக்காது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் கிடைத்த புவிசார் குறியீடு சேலையின் பெயரைக் காக்கிறது. சேலை நெய்யும் தெருவைக் காப்பதில்லை. காஞ்சிக் கோயில்கள் 2021இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. அதிலும் சிறப்பு கோயில்களுக்கே. மாகறலின் நிலை இதைவிட நுட்பமானது. திருஞானசம்பந்தர் பாடிய தொண்டை நாட்டுத் தலமான இங்குள்ள திருமாகறலீசுவரர் கோயிலின் விமானம் தூங்கானை மாட வடிவில் அமைந்தது. வழிபாடும் சொத்தும் இந்து சமய அறநிலையத் துறையின் பொறுப்பு. துறைக்கு அடித்தளமான 1959ஆம் ஆண்டுச் சட்டம் நிர்வாகத்துக்காக எழுதப்பட்டது. ஊரின் தெரு அமைப்பையோ ஆற்றங்கரையையோ வரலாற்றுச் சொத்தாகக் காப்பது அதன் நோக்கம் அன்று.

ஊர்ப் பகுதியையும் அறிவித்துக் காக்க வேண்டும் என்பதற்கு மூன்று மறுப்புகள் எழும். முதலாவது, அறிவிப்பு வந்தால் மக்கள் தம் வீட்டைச் சீரமைக்கவும் முடியாது என்பது. இன்றைய 100 மீட்டர் எல்லைக்குள் சீரமைக்கவும் அனுமதி வேண்டும் என்பதால் இந்தக் குறை ஓரளவு உண்டு. ஆனால் அது தூரத்தை அளந்து தடுக்கும் விதியின் குறை. எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று தரம் பிரித்துச் சொல்லும் முறை நெசவாளருக்குக் கழிப்பறையையும் மாடியையும் மறுக்காது. உயரத்தையும் தெருக்கோட்டையும் மட்டும் காக்கும். இழக்கும் கட்டுமான உரிமைக்கு ஈடாக வேறிடத்தில் கட்ட உரிமை தருவதை மும்பை விதிகள் ஏற்கின்றன. இரண்டாவது, கோயில் உயிருள்ளது, திருப்பணி நடக்க வேண்டியது என்பது. உண்மைதான், அதனால்தான் எவ்வாறு செய்வது என்பதற்கு விதி வேண்டும். பழைய சுவர்களைச் சுத்தம் செய்யக் கையாண்ட மணல் வீச்சு முறை தமிழகத்துக் கோயில்கள் பலவற்றில் கல்வெட்டெழுத்துகளைத் தேய்த்துவிட்டது. கல்வெட்டு போனால் ஊரின் ஆவணம் போனதாகும். அதை எந்தக் குடமுழுக்கும் மீட்டுத் தராது. மூன்றாவது, பாடல் பெற்ற தலங்களும் பழங்கோயில்களும் மிகுந்த நாட்டில் எல்லா ஊரையும் அறிவிக்க இயலுமா என்பது. எல்லாவற்றையும் ஒரே தரத்தில் அறிவிக்கத் தேவையில்லை. முதலில் பதிவும் வரைபடமும் வேண்டும். கட்டுப்பாடு பிறகு, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவுக்கு வரட்டும்.

இதற்குப் புதிய அதிகாரத்தை முற்றாக உருவாக்க வேண்டியதில்லை. 1971ஆம் ஆண்டின் நகர், ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வரும் திட்டங்களில் கோயில், தேர்வீதி, நீர்நிலை, நெசவுத் தெரு ஆகியவற்றை ஒரே வரைபடத்தில் குறிக்கலாம். தொல்லியல் துறை, அறநிலையத் துறை, ஊராட்சி மூன்றும் ஒரே ஆவணத்தை வைத்து முடிவெடுத்தால், ஒரு துறை காத்ததை மற்றொன்று அறியாமல் அழிப்பது குறையும். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்து ஊர்ச்சபை, தன் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டி எல்லாரும் அறிய வைத்தது. அந்த ஊருக்கு அருகிலேயே இருக்கும் மாகறலின் எல்லையை அவ்வூர் மக்களே பேசித் தீர்மானித்து, அரசு அதை ஏற்று அறிவிப்பதே நியாயமான முறை. அங்கு வாழ்வோரின் ஒப்புதல் இல்லாத அறிவிப்பு காகிதத்தோடு நின்றுவிடும். அவர்கள் பங்கேற்று வகுத்த எல்லையை அவர்களே காப்பார்கள்.