நெய்ச்சாளை: ஆய்வும் மேலாண்மையும்

நெய்ச்சாளை இந்தியாவின் தென்மேற்குக் கரையோரம் பெருங்கூட்டமாகத் திரியும் சிறு கடல்மீன். கன்னியாகுமரிக் கரையில் இது வெறும் சாளை. தமிழகத்தின் பிற சந்தைகளில் மத்தி. மீன்வளத் துறையின் பட்டியல்களில் பேச்சாளை, நுணலை என்றும் காணலாம். கேரளத்தார் இதற்கு இட்ட செல்லப்பெயர் 'குடும்பம் புலர்த்தி', அதாவது குடும்பத்தைக் காப்பாற்றுவது. சார்டினெல்லா லாஞ்சிசெப்ஸ் என்ற அறிவியல் பெயரை 1847இல் பிரெஞ்சு விலங்கியலாளர் வாலென்சியென் வழங்கினார்.

நன்கு வளர்ந்த மீன் ஏறத்தாழ ஒரு சாண் நீளம் இருக்கும். டயாட்டம் எனப்படும் நுண்பாசிகளையும் கோப்பிபாடு போன்ற மிதவை உயிரிகளையும் வடித்துத் தின்னும். 15 செ.மீ. அளவில் சினைப்படும், தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் முட்டையிடும், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் வாழ்வது அரிது. ஒரு பருவத்தின் முட்டைகள் பொய்த்துப்போனால் அடுத்த ஆண்டே வலையில் அது தெரிந்துவிடும். சில ஆண்டுகள் கரை கொள்ளாமல் குவிந்துவிட்டு, பிறகு இருந்த சுவடே இல்லாமல் மறைவது இம்மீனின் வழக்கம். நூறாண்டுக்கு மேலாக ஆய்வாளர்கள் கேட்டுவருவதும் இதையொட்டிய ஒரே கேள்விதான்: மீன் வேறிடம் போய்விட்டதா, அல்லது நாம் பிடித்துத் தீர்த்துவிட்டோமா?

எண்ணெய்க் காலம்

இம்மீனைப் பற்றி முறையான ஆய்வு தொடங்கக் காரணம் அதன் சுவையல்ல, அதன் நெய். மலபாரும் தென் கன்னடமும் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தன. மாகாண மீன்வளத்தை ஆராயும் பொறுப்பை 1905இல் ஏற்றவர் பிரடெரிக் நிக்கல்சன். கூட்டுறவுக் கடன் சங்கங்களைப் பற்றி அறிக்கை எழுதியவர் என்று தமிழ் வாசகர்கள் அறிந்திருக்கும் அதே அதிகாரிதான். 1907இல் மீன்வளப் பணியகம் உருவாயிற்று. மலபாரின் தானூரில் ஒரு சோதனை நிலையம் அமைத்து, மீனைக் காய்ச்சிப் பிழிந்து எண்ணெய் எடுக்கும் முறையை அவர் கரையோரத்தாருக்குக் காட்டினார். அதுவரை மிகுந்த மத்தி மணலில் காய்ந்து தென்னைக்கு உரமாகப் போய்க்கொண்டிருந்தது. புதிய முறையில் எண்ணெயும் கிடைத்தது, பிழிந்த சக்கை நல்ல உரமாகவும் விலைபோனது. தோல் பதனிடுவோரும் தோட்ட முதலாளிகளும் வாங்கினார்கள். கரையெங்கும் காய்ச்சும் கொட்டகைகள் முளைத்தன.

ஒரு தொழில் ஒற்றை மீனை நம்பி எழுந்தவுடன், அந்த மீன் வராத ஆண்டு ஒரு நிர்வாகச் சிக்கலாகிவிடுகிறது. நிக்கல்சனுக்குப் பின் பொறுப்பேற்ற ஜேம்ஸ் ஹார்னெல், இலங்கையின் முத்துச்சிப்பிப் பார்களில் ஆய்வு செய்து வந்தவர். சங்கு, படகு ஆகியவை பற்றிய அவருடைய நூல்களுக்காக இன்றும் நினைக்கப்படுபவர். அவரும் ராமசாமி நாயுடுவும் சேர்ந்து 1920களின் தொடக்கத்தில் வெளியிட்ட கட்டுரைதான் நெய்ச்சாளையின் வாழ்க்கையை முதன்முதலில் வரிசைப்படுத்திச் சொன்னது. மீன் எப்போது முட்டையிடுகிறது, எவ்வளவில் முதிர்கிறது, வயிற்றில் என்ன இருக்கிறது, அதே வாரம் கடல்நீரில் எந்த மிதவை உயிரி பெருகியிருக்கிறது என்பவற்றை அவர்கள் ஒருசேர நோக்கினார்கள். கரைக்கு மீன் வருவதும் போவதும் நீரில் மிதக்கும் இரையோடு பிணைந்தது என்ற எண்ணம் அங்கேயே வேர்விட்டது. பிற்கால ஆய்வுகள் பலவும் அதன் விரிவுரைகள் என்றால் மிகையில்லை.

1943ஆம் ஆண்டின் தடை

1940களில் மத்தி வரவு படுத்துவிட்டது. சென்னை மீன்வளத் துறையில் இருந்த தேவநேசன், அளவுமீறிய பிடிப்பே காரணம் என்று வாதிட்டார். குஞ்சுகளையும் சினைமீனையும் எண்ணெய்க் கொட்டகைக்கு அள்ளிப்போனால் எது மிஞ்சும் என்பது அவர் கேள்வி. 1943இல் மாகாண அரசு குஞ்சுமீன் பிடிப்பதற்கும், மத்திக்கொல்லி வலை போன்ற சிறுகண் வலைகளுக்கும் கட்டுப்பாடு விதித்தது. இந்தியக் கடலில் ஆய்வாளரின் சொல்லைக் கேட்டுப் பிறந்த மீன்பிடிக் கட்டுப்பாடுகளில் இது மிகப் பழையவற்றுள் ஒன்று.

மீன் திரும்பவில்லை. சில ஆண்டுகளில் கட்டுப்பாடுகள் கைவிடப்பட்டன. அதன்பின்னும் வறட்சி நீடித்தது. 1956இல் நாடு முழுதும் பிடிபட்டது 10,000 டன்னைக்கூட எட்டவில்லை. அடுத்த ஆண்டே, யாரும் எந்த விதியையும் மாற்றாத நிலையில், மத்தி பன்மடங்காகப் பெருகி வந்தது. 1968இல் 3 லட்சம் டன்னைத் தொட்டது. வலைக்காரரைக் குற்றம் சொன்ன வாதம் இதனால் வெகுகாலம் மதிப்பிழந்து கிடந்தது. இது தேவநேசனுக்கு முழு நியாயம் ஆகாது. தடை சரியாக நடைமுறைப்பட்டதா என்பதே ஐயத்துக்குரியது. தவிர, கடல் ஒத்துழைக்காத காலத்தில் போட்ட தடையை வைத்து, ஒத்துழைத்த காலத்தில் அது என்ன செய்திருக்கும் என்று தீர்ப்பெழுத முடியாது.

மண்டபமும் செதிள்களும்

நடுவண் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947 பிப்ரவரி 3 அன்று சென்னையில் தொடங்கி, 1949இல் இராமேசுவரத்துக்கு எதிரே மண்டபம் முகாமுக்குப் பெயர்ந்து, 1971இல் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டது. மத்தி ஆய்வின் மையம் கோழிக்கோட்டில் இருந்தாலும் அதன் கணக்கேடுகள் இருபது ஆண்டுக்கு மேல் மண்டபத்திலிருந்தே ஆளப்பட்டன.

அந்நிலையத்தின் பெருங்கொடை எண்ணிக்கை முறை. எல்லாத் துறைகளிலும் எல்லா நாளும் ஆளை நிறுத்த இயலாது. ஆகவே கரையைப் பகுதிகளாகப் பிரித்து, அவற்றில் சில இறங்குதுறைகளையும் சில நாட்களையும் சில படகுகளையும் குலுக்கல் முறையில் தேர்ந்து, இறங்கும் கூடைகளை எண்ணி மொத்தத்தை மதிப்பிட்டார்கள். இன்று மத்தியின் ஏற்றத்தாழ்வைப் பற்றி எதைச் சொன்னாலும், கரையில் குறிப்பேட்டோடு நின்ற அந்தக் களப்பணியாளரின் தோள்மீது ஏறி நின்றே சொல்கிறோம்.

மீனின் வயது பெரும் சர்ச்சையானது. குளிர்நாட்டு மீனின் செதிளில் குளிர்காலந்தோறும் ஒரு வளையம் விழும். மரத்தை வெட்டி வயது பார்ப்பது போலப் பார்த்துவிடலாம். கடுங்குளிர் இல்லாத மலபார்க் கடலில் வளையம் எதைக் குறிக்கிறது? 15 செ.மீ. மீன் ஓராண்டு நிரம்பியதா, இரண்டா? ஆர். வி. நாயர் செதிள்களை வைத்து ஒரு விடை சொன்னார். நீள அளவுகளின் மாதாந்தர நகர்வை வைத்து மற்றவர்கள் வேறு விடை சொன்னார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஏட்டுச்சண்டை. ஆனால் வயது தெரியாமல் ஆண்டுக்கு எவ்வளவு பிடிக்கலாம் என்று கணக்கிட வழியில்லை. பின்னாளில் செவிக்கல்லில் நாள்தோறும் படியும் நுண்வளையங்களை எண்ணும் முறை வந்தபோது, இம்மீன் முன்பு நினைத்ததைவிட வேகமாக வளர்கிறது என்ற கருத்து வலுப்பெற்றது.

1955இல் ஆர். வி. நாயரும் ஆர். சுப்பிரமணியனும் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார்கள். ஃபிராஜிலேரியா ஓஷியானிகா என்ற டயாட்டம் நீரில் மிகுந்தால் மத்தியும் மிகும் என்பது அதன் சாரம். ஹார்னெல் இட்ட விதை இங்கே ஒரு குறிப்பிட்ட உயிரியின் பெயரைப் பெற்றது. இடப்பெயர்ச்சியை நேரடியாக அறிய 1960களில் மேற்குக் கரையில் மத்திக்கும் கானாங்கெளுத்திக்கும் அடையாளத் தகடு பொருத்திக் கடலில் விட்டுப் பார்த்தார்கள். திரும்பக் கிடைத்தவை சொற்பம். கையில் எடுத்தாலே செதிள் உதிரும் மீனுக்குத் தகடு மாட்டுவது எத்தனை பாடு என்று ஒரு கூடை மத்தி ஆய்ந்தவர்கள் அறிவார்கள்.

மழையும் மேலெழும் நீரும்

தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது கரையோர மேல்நீர் விலகி, அடியிலிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலே வரும். டயாட்டங்கள் அந்தச் சத்தில் செழித்து மத்திக்கு இரையாகும். ஆனால் அந்த அடிநீரில் உயிர்வளி குறைவு. கொச்சிக் கடலில் ஆராய்ந்த ஜெர்மானியர் கார்ல் பான்சே, உயிர்வளி குன்றிய நீர் கரையேறுகையில் அடித்தள மீன்கள் இடம்பெயர்வதை 1959இல் விவரித்தார். ஆக, மேலெழும் நீர் ஊட்டவும் செய்யும், விரட்டவும் செய்யும். அளவோடு எழுந்தால் விருந்து. மீறினால் கரையே மூச்சுமுட்டும். மத்தியின் நகர்வு கரைநெடுக ஓடும் நெடும்பயணம் என்பதைவிட, கரைக்கும் ஆழ்கடலுக்கும் இடையிலான போக்குவரத்தே என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

கோழிக்கோட்டில் பணியாற்றிய பி. டி. அந்தோணி ராஜா 1969இல் நெய்ச்சாளை குறித்து ஒரு தொகுப்பு நூலை வெளியிட்டார். முட்டையிடும் மாதங்களில் மழை போதிய அளவு பெய்யாவிடில் சினைமுட்டைகள் மீனின் உடலுக்குள்ளேயே கரைந்துபோகின்றன என்பது அவருடைய கருதுகோள். மழையை மட்டும் வைத்து வரவை முன்சொல்லும் முயற்சி சில ஆண்டுகள் பலித்தது, சில ஆண்டுகள் ஏமாற்றியது. 1990இல் லாங்ஹர்ஸ்ட், வூஸ்டர் ஆகிய இருவர் கொச்சியின் கடல்மட்ட அளவை வைத்து வேறொரு வழி காட்டினர்: பருவமழைக்கு முன்பே கடல்மட்டம் தாழ்ந்திருந்தால் அடிநீர் முந்தி எழுந்துவிட்டது என்று பொருள், அது குஞ்சுகளுக்கு ஆகாது. துறைமுகப் பொறியாளர் கப்பலுக்காக அளந்துவைத்த கணக்கு மீனுக்கு உதவியது இந்த வரலாற்றின் இனிய திருப்பங்களில் ஒன்று.

இதற்கிடையே 1971இல் ஐ.நா. உதவியோடு கொச்சியில் தொடங்கிய திட்டம், ஒலியலை எதிரொலிக் கருவி பூட்டிய கப்பல்களால் மீன்கூட்டங்களைத் தேடியது. அக்கப்பல்களில் ஒன்றுக்கு 'சார்டினெல்லா' என்றே பெயர். இன்று துணைக்கோள்கள் கடலின் பச்சையத்தை அளந்து தருகின்றன. ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அதைக்கொண்டு மீன் கிடைக்கக்கூடிய இடங்களை மீனவருக்கு அறிவிக்கிறது.

கிழக்குக் கரைக்கு வந்த மீன்

1980களின் நடுப்பகுதிவரை சோழமண்டலக் கரையில் நெய்ச்சாளை அபூர்வ விருந்தாளி. அதன்பின் கடலூர், நாகப்பட்டினம், புதுச்சேரிப் பக்கங்களில் வலை நிறைய விழலாயிற்று. உள்ளூரில் இதை விரும்பி உண்போர் குறைவு. லாரி லாரியாகக் கேரளத்துக்கும் மீன்மாவு ஆலைகளுக்கும் போயிற்று. விவேகானந்தன் முதலான ஆய்வாளர்கள் 2009இல், கடல்நீர் சூடேறுவதால் இம்மீனின் எல்லை வடக்கிலும் கிழக்கிலும் விரிந்துள்ளது என்று விளக்கினர். இது எல்லை விரிவுதான். கேரளக் கரையைவிட்டு மீன் குடிபெயர்ந்துவிட்டது என்று கொள்வது பிழை. மரபணு ஆய்வுகள் இந்தியக் கரை மத்தியை ஓமான் மத்தியிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன. இம்மீனின் முழு மரபுத்தொகுதியைக் கொச்சி நிலையம் 2023இல் வாசித்து வெளியிட்டது.

வலையும் சட்டமும்

1970களின் பின்பாதியில் கர்நாடகக் கரையில் சுருக்குவலை விசைப்படகுகள் வந்தபோது, ஊரே சேர்ந்து இழுக்கும் ரம்பணிக் கரைவலை சில ஆண்டுகளில் ஒழிந்தது. கேரளத்தில் 1980களில், கூட்டத்தை வளைத்துப் பிடிக்கும் ரிங் வலை பரவியது. மரபுவழி மீனவருக்காக என்று தொடங்கிய சிறு வலை, போட்டியில் வளர்ந்து ஒரு கிலோமீட்டரை நெருங்கியது. தமிழ்நாட்டில் சுருக்குமடி எனப்படும் சுருக்குவலைக்கு 2000இல் தடை வந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரம் இரு நாள் மட்டும் என்ற நிபந்தனையோடு இடைக்கால அனுமதி தந்தது. நாகைப் பகுதியில் இதையொட்டி மீனவ ஊர்களுக்கிடையே எழுந்த பகை இன்னும் ஆறவில்லை.

கேரளம் 1988 முதல் பருவமழைக் காலத்தில் இழுவைமடிக்குத் தடை விதிக்கிறது. ஆனால் மத்தி இழுவைமடியின் முதன்மை இரையல்ல. அதை வளைத்துப் பிடிக்கும் மரபுவழிக் கலங்களுக்கு அதே மழைமாதங்களில், அதாவது மீன் முட்டையிடும் வேளையில், கடலுக்குப் போக 2007ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை காக்கிறது. ஏழை மீனவரின் அடுப்பை எண்ணிச் செய்த விலக்கு என்பதால் எளிதில் குறைசொல்லவும் முடியாது.

2012இல் கேரளத்தில் மட்டும் ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி இறங்கியது. அதன்பின் வீழ்ச்சி தொடங்கி, 2021இல் 3,297 டன்னுக்குச் சரிந்தது. இம்முறை கிருபா முதலிய ஆய்வாளர்கள் 2018இல் இரு தரப்பையும் சேர்த்தே எழுதினர்: மிகுபிடிப்பு இனப்பெருக்க மீன்களைக் குறைத்திருந்தது, எல் நினோ காலத்துச் சூடு மிச்சத்தைப் பாதித்தது. தேவநேசனின் வாதமும் அந்தோணி ராஜாவின் வாதமும் ஒரே தாளில் உட்கார எழுபத்தைந்து ஆண்டு பிடித்திருக்கிறது. 10 செ.மீ.க்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக்கூடாது என்று 2015இல் கேரளம் விதித்தது. சினைப்படும் அளவு 15 செ.மீ. என்பதை முன்பே கண்டோம். இடையிலுள்ள 5 செ.மீ. அறிவியலுக்கும் சந்தைக்கும் நடந்த பேரத்தின் அளவு.

2022இல் மீன் மீண்டு வந்து ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது. 2024இன் நல்ல மழைக்குப் பின் குஞ்சுகள் ஏராளமாகப் பிழைத்தன. ஆனால் கூட்டம் மிகுந்து இரை பங்கிடப்பட்டதால் வளர்ச்சி குன்றி, விரல் நீள மத்தியே வலைகளில் நிரம்பியது. விலையும் விழுந்தது. பத்து சென்டிமீட்டர் விதியை மீறாமலே பிடிக்கத்தக்க, ஆனால் சினைப்படாத மீன் அது.